கொப்பியின் கடைசிப் பக்கம்: கோட்டு விளையாட்டுகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மாணவரது அப்பியாசக் கொப்பியில் முதற்பக்கம் ஆசிரியருக்குரியது. கடைசிப் பக்கம் மாணவருக்குரியது. முதற்பக்கத்தில் பெயர், தரம், பாடம் என்பன அழகான எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்திலோ ஒன்பது கட்டங்களுள் வட்டங்களும் புள்ளடிகளும், வரிசையாக இட்ட புள்ளிகளுக்கிடையே கோடுகளும், அடைபட்ட பெட்டிகளுக்குள் இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் காணப்படும். கூர்ந்து நோக்கினால் அப்பக்கத்தில் இருவரது கை பதிந்திருப்பது புலப்படும். கொப்பி முழுவதிலும் இருவர் சேர்ந்து எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

ஆசிரியர்களும் பெற்றோரும் இப்பக்கத்தை நேர விரயத்தின் சாட்சியாகவே கொள்வது வழக்கம். பக்கம் கிழிக்கப்படுவதும் உண்டு. காது திருகப்படுவதும் உண்டு. ஆனால் அடுத்த வாரமே வேறொரு கொப்பியின் இறுதியில் அதே கட்டங்கள் மீண்டும் தோன்றிவிடுகின்றன. பாடத்திட்டத்தில் இல்லாமல், கடையில் வாங்காமல், மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்கு என இவை கைமாறி வருகின்றன. அவ்வாறாயின் அவற்றில் ஏதோ ஓர் ஈர்ப்பு இருக்கத்தான் வேண்டும். அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இவ்விளையாட்டுகளின் வரலாற்று வழியாகத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டம் கீறி விளையாடும் பழக்கம் காகிதத்துடன் தோன்றியதன்று. மண்ணிலும் திண்ணையிலும் பாறையிலும் கோடு கீறி, கல்லையும் விதையையும் காயாக வைத்து மனிதன் நெடுங்காலமாக ஆடி வந்திருக்கிறான். சிறிய பலகையொன்றில் ஆளுக்கு மூன்று கற்களை வைத்து அவற்றை ஒரே கோட்டில் சேர்க்கும் ஆட்டத்தை ரோமக் கவிஞர் ஓவிட் குறிப்பிடுகிறார். பத்தாம் நூற்றாண்டில் அபுல் பரஜ் அல்-இஸ்பஹானி தொகுத்த கிதாபுல் அகானி எனும் பெருநூலில் கிர்க் எனும் ஆட்டம் பற்றிய குறிப்பு உள்ளது. அரபுப் பெயரே சற்றுத் திரிந்து 'அல்கெர்கே' என ஸ்பானிய மொழியில் வழங்கலாயிற்று. 1283இல் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் ஆணைப்படி எழுதி முடிக்கப்பட்ட விளையாட்டு நூலிலும் அது இடம்பெற்றது. எமது நாட்டில் ஆடப்பட்ட நெரெஞ்சி முதலான கட்ட விளையாட்டுகளை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த 'புராதன இலங்கை' எனும் ஆங்கில நூலில் விபரித்துள்ளார். ஆடு புலி ஆட்டத்தை அறியாத தமிழ்க் கிராமமும் அரிது.

இவ்வாட்டங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவற்றில் காய் நகரும். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கலாம், வெட்டி அப்புறப்படுத்தலாம், முன்பிருந்த இடத்துக்கே மீண்டும் கொண்டுவரலாம். கல்லை எடுத்துவிட்டால் அது இருந்த இடத்தில் எந்தத் தடயமும் எஞ்சுவதில்லை. ஆட்டம் முடிந்தபின் மண்ணில் இருப்பது வெறுங்கட்டம்தான். எந்த நகர்வில் யார் பிழைத்தார், எங்கே ஆட்டம் திரும்பியது என்பதெல்லாம் ஆடியவரின் ஞாபகத்தில் மட்டுமே தங்கும். அல்லது அவர்களது வாக்குவாதத்தில்.

அதனால்தான் காய் நகர்த்தும் ஆட்டத்தை ஆராய விரும்பியவர்கள் ஆட்டத்துக்கு வெளியே எழுத்தை நாட வேண்டியிருந்தது. அப்பாசியர் காலத்தில் சத்ரஞ்ச் எனும் சதுரங்கம் இவ்வகையில் ஓர் எழுத்துக் கலையாக வளர்ந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-அத்லியும் பத்தாம் நூற்றாண்டின் அபூபக்ர் அஸ்-சூலியும் சத்ரஞ்ச் பற்றி நூல்கள் இயற்றினர். 'மன்சூபாத்' எனப்படும் ஆட்ட நிலைப் புதிர்களை அவர்கள் தொகுத்து வைத்தனர். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பக்தாதில் காகித ஆலை தோன்றிவிட்டமை இம்முயற்சிக்கும் துணை நின்றிருக்கும். எனினும் அங்கு ஆட்டம் வேறு, எழுத்து வேறு. பலகையில் ஆடியதைக் காகிதத்தில் ஒருவர் தனியே குறித்து வைத்தார்.

பென்சில் ஆட்டத்தில் இந்தப் பிரிவினை இல்லை. ஆடுவதே எழுதுவது, எழுதுவதே ஆடுவது. இட்ட புள்ளடி இட்டதுதான். கீறிய கோடு கீறியதுதான். காய் நகர்வதில்லை, அடையாளம் கூடிக்கொண்டே போகிறது. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, ஆட்டம் கட்டாயம் முடிவடையும். தாளில் இடம் குறைந்துகொண்டே செல்வதால் முடிவின்றிச் சுற்றிவர வழியில்லை. மற்றையது, ஆட்டம் முடிந்த பின்னரும் அதன் தடம் தாளிலேயே கிடக்கும். தோற்றவர் அதனை மீண்டும் வாசிக்கலாம். இவ்விரு இயல்புகளுமே இவ்வாட்டங்களின் கவர்ச்சிக்கு அடிப்படை என்பது எனது எண்ணம். சிறுவரை ஈர்த்த அதே இயல்புகள்தாம் பின்னர் கணித அறிஞர்களையும் ஈர்த்தன என்பதை வரலாறு காட்டுகிறது.

இத்தகைய ஆட்டங்கள் பெருகுவதற்குக் காகிதம் மலிவாக வேண்டியிருந்தது. கந்தைத் துணியிலிருந்து காகிதம் செய்யப்பட்ட காலத்தில் அது விளையாட்டுப் பொருளாக இருந்திருக்க முடியாது. 1844இல் ஜேர்மனியரான பிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் காகிதக்கூழ் செய்யும் வழியைக் கண்டார். அதன்பின் வந்த பத்தாண்டுகளில் காகிதத்தின் விலை இறங்கியது. பென்சிலின் கதை அதற்கும் முந்தியது. போரினால் இங்கிலாந்தின் காரீயம் பிரான்சுக்குக் கிடைக்காமற்போக, நிக்கொலா கொன்ரே காரீயத் தூளுடன் களிமண்ணைக் கலந்து சூளையில் சுட்டுப் பென்சில் செய்யும் முறையை 1795இல் பதிவு செய்தார். இன்றும் பென்சில் அவ்வாறே செய்யப்படுகிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் எமது மண்ணிலிருந்து எடுக்கப்படும் அதே காரீயம்தான் அது. ஈயம் என்று பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் உண்மையில் அது கரியின் ஒரு வடிவமே.

மலிவான தாளும் பென்சிலும் ஒருபுறமிருக்க, சிறுவர்களை ஒரே அறையில் வரிசையாக அமர்த்தும் பாடசாலையும் வேண்டியிருந்தது. பிரான்சில் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், 1889இல், பரிசில் ஒரு பாடசாலை ஆசிரியர் புள்ளிகளை இணைத்துப் பெட்டி அடைக்கும் விளையாட்டை முதன்முறையாக அச்சேற்றினார். அவரது பெயர் எடுவார்ட் லூக்கா.

லூக்கா 1842இல் அமியென் நகரில் பிறந்தவர். பரிஸ் வானாய்வு நிலையத்தில் சில காலம் பணியாற்றி, 1870இல் மூண்ட பிரான்சு - பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, பின்னர் பரிஸின் உயர்தரப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தார். எண் கோட்பாட்டில் அவரது சாதனை பெரியது. இரண்டின் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 39 இலக்க எண் ஒரு முதன்மை எண் என்பதை 1876இல் அவர் நிறுவினார். இயந்திர உதவியின்றிக் கையால் கணித்து நிறுவப்பட்ட முதன்மை எண்களுள் இன்றும் மிகப் பெரியது அதுதான். வட்டத் தட்டுகளை ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 'ஹனோய் கோபுரம்' எனும் புதிரை 1883இல் வெளியிட்டவரும் அவரே. 1891இல் விருந்தொன்றின்போது விழுந்துடைந்த பீங்கான் தட்டின் துண்டொன்று கன்னத்தைக் கீற, அக்காயம் பழுத்ததால் 49ஆவது வயதிலேயே மரணமடைந்தார்.

பெட்டி அடைக்கும் ஆட்டத்துக்கு அவர் இட்ட பெயர் 'பிப்போபிப்பெத்'. இதனைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கோரவில்லை. பரிஸ் பொலிதெக்னிக் கல்லூரிக்குச் சென்ற தமது பழைய மாணவர்களின் கண்டுபிடிப்பு என்றே அவர் எழுதினார். இது சிறிய விடயமன்று. 39 இலக்க எண்ணுடன் போராடிய ஒரு மனிதர், மாணவர்கள் பொழுதுபோக்காகக் கீறிய கோடுகளைக் கையிலெடுத்து, அவற்றுக்கு விதி எழுதி, உரியவர்களின் பெருமையை உரியவர்களுக்கே கொடுத்து அச்சில் ஏற்றினார். கடைசிப் பக்கத்தைக் கிழிக்காமல் வாசித்த ஆசிரியர் என்று அவரைக் கூறலாம்.

இந்த ஆட்டத்தின் ஆழத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 16 புள்ளிகளை நாலுக்கு நாலாக இட்டால் ஒன்பது பெட்டிகள் கிடைக்கும். ஒவ்வொருவரும் முறைக்கு ஒரு கோடு கீறுவர். பெட்டியின் நான்காம் பக்கத்தைக் கீறியவருக்கு அப்பெட்டி சொந்தம். அவர் மீண்டும் ஒரு கோடு கீறியாக வேண்டும். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு வரிசையும் ஆறு பெட்டிகள் கொண்ட இன்னொரு வரிசையும் மட்டும் எஞ்சியுள்ளன என வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் எவர் முதலில் கோடு கீறுகிறாரோ, அவர் அவ்வரிசையை மற்றவருக்குத் திறந்துவிடுகிறார். எதிராளி வேறு வழியின்றி மூன்று பெட்டி வரிசையைத் திறக்கிறார்.

அவசரக்காரர் மூன்றையும் உடனே எடுத்துக்கொள்வார். எடுத்த பின் மேலும் ஒரு கோடு கீற வேண்டுமல்லவா? அவர் ஆறு பெட்டி வரிசையைத் திறந்தேயாக வேண்டும். எதிராளி ஆறையும் அள்ளுவார். மூன்றுக்கு ஆறு என்று தோல்வி. நிதானமானவரோ ஒரு பெட்டியை மட்டும் எடுப்பார். மீதி இரண்டுக்கும் நடுவில் கோடு போடாமல் வெளி முனையை அடைத்துவிடுவார். எதிராளி நடுக்கோட்டைக் கீறி இரண்டு பெட்டிகளையும் பெறுவார். ஆனால் அதன்பின் ஆறு பெட்டி வரிசையைத் திறக்க வேண்டியவர் அவரே. நிதானமானவருக்கு ஏழு, மற்றவருக்கு இரண்டு. இரண்டை மனமுவந்து கொடுத்தவர் ஆறைப் பெறுகிறார். பத்து வயதுச் சிறுவர்கள் இந்த உத்தியைத் தாமாகவே கண்டுபிடிப்பதும் உண்டு. கண்டுபிடித்தவரிடம் அதன்பின் வகுப்பில் எவரும் இலகுவில் வெல்ல முடியாது. இந்த ஒரேயோர் ஆட்டத்துக்காக அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எல்வின் பேர்லகாம்ப் 2000இல் தனி நூலொன்றை வெளியிட்டார். நாலுக்கு ஐந்து பெட்டிகள் கொண்ட ஆட்டத்தில் இருவரும் பிழையின்றி ஆடினால் சமநிலையே முடிவு என்பது 2012இல்தான், அதுவும் கணினியின் துணையுடன், நிறுவப்பட்டது.

வட்டமும் புள்ளடியும் இடும் ஒன்பது கட்ட ஆட்டம் இதனினும் எளிது. விபரம் தெரிந்த இருவர் ஆடினால் அது எப்போதும் சமநிலையிலேயே முடியும். இருந்தும் அதனை ஆடக்கூடிய வழிகள் மொத்தம் 2,55,168 ஆகும். எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருப்பதனாலேயே, சிந்திக்கும் இயந்திரம் பற்றிக் கனவு கண்டவர்கள் முதலில் இதனை நாடினர். கணினியின் முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜ், இவ்வாட்டத்தை ஆடும் இயந்திரமொன்றைச் செய்து காட்சிக்கு வைத்தால் தமது பெரிய கணிப்பு இயந்திரத்துக்குப் பணம் திரட்டலாமா என ஆலோசித்ததை 1864இல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதியுள்ளார். அது நடக்கவில்லை. 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாண்டி டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர் எட்சாக் எனும் கணினியை இவ்வாட்டம் ஆட வைத்தார். திரையில் தோன்றிய கணினி விளையாட்டுகளுள் மிக முந்தியவற்றுள் அது ஒன்று.

இவற்றினும் எமது ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடியது டொனால்ட் மிச்சி 1961இல் செய்த காரியமாகும். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் ஈடுபட்ட அவர், கணினி கைக்கெட்டாத நிலையில் 304 தீப்பெட்டிகளைச் சேகரித்தார். ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். உரிய பெட்டியைக் குலுக்கி, எந்த மணி வருகிறதோ அந்தக் கட்டத்தில் அடையாளம் இடப்படும். ஆட்டம் தோற்றால் அந்த மணிகள் அகற்றப்படும். வென்றால் அதே நிற மணிகள் மேலும் சேர்க்கப்படும். ஆட்டங்கள் தொடரத் தொடர, தீப்பெட்டிகள் நன்றாக ஆடக் 'கற்றுக்கொண்டன'. அனுபவத்திலிருந்து இயந்திரம் கற்கும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதன் எளிய வடிவமொன்று வட்டமும் புள்ளடியும் இட்ட தாளிலிருந்தும் வெறுந் தீப்பெட்டியிலிருந்தும் பிறந்ததை மாணவருக்கு எடுத்துக் கூறலாம்.

பென்சில் ஆட்டங்களின் வரலாற்றில் டென்மார்க்குக்கு ஒரு தனியிடம் உண்டு. 1940 ஏப்ரிலில் ஜேர்மனியப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றின. அக்காலத்தில் பொலிடிக்கன் எனும் நாளிதழில் 'கும்பெல்' என்ற புனைபெயரில் சின்னஞ்சிறு கவிதைகளை எழுதி வந்தவர் பீற் ஹெய்ன். ஆக்கிரமிப்பாளருக்குப் பிடிகொடுக்காமல் சொந்த மக்களுக்குப் புரியும்படி எழுதிய கவிஞர் அவர். கணிதத்திலும் ஈடுபாடு உடையவர். 1942 டிசம்பர் 26இல் அதே நாளிதழில் 'பொலிகன்' எனும் புதிய ஆட்டத்தை அவர் அறிமுகப்படுத்தினார். பின்னாளில் அது 'ஹெக்ஸ்' எனப் பெயர் பெற்றது. விலை கூடிய பலகை தேவைப்படவில்லை. தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அறுகோணங்கள் அச்சிட்ட தாள்கள் அடுக்காக விற்கப்பட்டன. ஆடுவோர் பென்சிலால் அடையாளமிட்டனர்.

விதியை எமது வயல்வெளியைக் கொண்டு விளக்கலாம். ஒருவர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை வரம்பு கட்ட முயல்கிறார். மற்றவர் மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு நீர் கொண்டுசெல்ல முயல்கிறார். முறைக்கு ஓர் அறுகோணத்தில் அடையாளம் இட வேண்டும். வரம்பு முழுமையானால் நீர் கடக்காது. நீர் கடந்தால் வரம்பு உடைந்துவிட்டது என்று பொருள். இரண்டும் ஒருசேர நடக்க முடியாது. இரண்டும் நடக்காமல் போகவும் முடியாது. ஆகவே இவ்வாட்டத்தில் சமநிலை என்பதே இல்லை. இருவருக்கும் ஒரே விதி, இருவர் கண்முன்னும் ஒரே தாள், மறைவாக எதுவுமில்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, முடிவு நிச்சயம். நாட்டின் விதி அந்நியர் கையில் இருந்த ஒரு காலத்தில் இப்படியான ஓர் ஆட்டத்தை ஒரு கவிஞர் தம் மக்கள் கையில் கொடுத்தார் என்பதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஹெய்னின் ஆட்டத்தை அறியாமலே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் நாஷ் எனும் இளம் மாணவரும் 1948 அளவில் அதனைக் கண்டுபிடித்தார். 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. இவ்வாட்டத்தில் முதலில் ஆடுபவருக்கு வெற்றி வழி உண்டு என்பதை நாஷ் மிக எளிய தருக்கத்தால் நிறுவினார். இரண்டாமவருக்கு வெற்றி வழி இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் எங்காவது ஓர் அடையாளத்தை இட்டுவிட்டு, அதன்பின் தாமே இரண்டாமவர் என எண்ணி அவ்வழியைப் பின்பற்றலாம். கையில் மேலதிகமாக இருக்கும் ஓர் அடையாளம் அவருக்கு ஒருபோதும் தீங்காகாது. அப்படியானால் இருவரும் வெல்ல வேண்டும். அது நடவாத காரியம். எனவே எடுகோள் பிழை. இட்ட அடையாளம் நகராது, அழியாது என்ற பென்சில் ஆட்டத்தின் இயல்பின் மேலேயே இந்நிறுவல் நிற்கிறது. வழி உண்டு என்று இது சொல்கிறதே தவிர, அந்த வழி எது என்று சொல்லவில்லை. ஆட்டம் இன்றும் உயிரோடிருப்பது அதனால்தான்.

இவ்வரிசையில் இறுதியாகக் குறிப்பிட வேண்டியது 1967 பெப்ரவரி 21ஆம் திகதி கேம்பிரிட்ஜில் பிறந்த 'முளைகள்' ஆட்டமாகும். ஆங்கிலத்தில் இதனை 'ஸ்ப்ரவுட்ஸ்' என்பர். ஜோன் கொன்வே எனும் கணித விரிவுரையாளரும் மைக்கல் பற்றர்சன் எனும் ஆய்வு மாணவரும் தேநீர் வேளையின் பின் தாளில் கோடுகள் கீறிப் புதிய ஆட்டமொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். கோட்டின் நடுவில் ஒரு புதிய புள்ளியை வைத்தால் என்ன என்று பற்றர்சன் கேட்டார். அக்கேள்வியுடன் ஆட்டம் முளைத்தது. கண்டுபிடிப்பின் பெருமையில் நூற்றுக்கு அறுபது பங்கு மாணவருக்கும் நாற்பது பங்கு விரிவுரையாளருக்கும் உரியது என இருவரும் உடன்பட்டுக்கொண்டனர். லூக்காவின் பண்பு இங்கும் தொடர்வதைக் காண்கிறோம். அதே ஆண்டு ஜூலையில் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையின் தமது பத்தியில் இதனை உலகறியச் செய்தார்.

விதிகள் மூன்றுதான். இரண்டு புள்ளிகளை, அல்லது ஒரு புள்ளியை அதனுடனேயே, வளைந்தோ நேராகவோ ஒரு கோட்டால் இணைத்து அக்கோட்டின் மேல் புதிய புள்ளி ஒன்றை இட வேண்டும். கோடு எந்தக் கோட்டையும் வெட்டலாகாது. ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகளுக்கு மேல் புறப்படலாகாது. கடைசிக் கோட்டைக் கீறுபவர் வென்றவர். புள்ளியைப் பிறப்பித்துக்கொண்டே போகும் ஆட்டம் எப்படி முடிவுக்கு வரும் என்ற ஐயம் எழலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று உயிர்கள் எனக் கொண்டால் விடை கிடைத்துவிடும். ஒரு கோடு இரண்டு உயிர்களைச் செலவிடுகிறது. அதன்மேல் இட்ட புள்ளியில் ஏற்கெனவே இரு பக்கமும் கோடு இருப்பதால் அது ஓர் உயிரை மட்டும் கொண்டு பிறக்கிறது. ஆக ஒவ்வொரு முறையும் மொத்தத்தில் ஓர் உயிர் குறையும். இரண்டு புள்ளிகளுடன் தொடங்கினால் உயிர்கள் ஆறு. கடைசியாக இட்ட புள்ளியின் ஓர் உயிர் எப்படியும் எஞ்சும். ஆகவே ஐந்து கோடுகளுக்கு மேல் ஆட்டம் செல்லாது. மூன்று புள்ளிகளாயின் எட்டு.

இதுவரை சொன்னது தரம் ஏழு மாணவருக்கும் விளங்கும். ஆனால் யார் வெல்வார் என்ற கேள்விக்கு வந்தால் பேராசிரியர்களும் தடுமாறுகின்றனர். 1991இல் டேவிட் அப்பிள்கேற், கை ஜேக்கப்சன், டானியல் ஸ்லீட்டர் ஆகிய மூவர் கணினியின் துணையுடன் பதினொரு புள்ளி ஆட்டம் வரை ஆராய்ந்தனர். புள்ளிகளின் எண்ணிக்கையை ஆறால் வகுக்கும்போது மீதி மூன்று, நான்கு, ஐந்து வந்தால் முதலாமவருக்கு வெற்றி. ஏனையவற்றில் இரண்டாமவருக்கு வெற்றி என்று அவர்கள் ஊகித்தனர். பின்வந்தோர் மேலும் பல புள்ளிகளுக்கு அதனைச் சரிபார்த்துள்ளனர். ஆயினும் எல்லா எண்ணிக்கைக்கும் பொருந்தும் நிறுவல் இன்னும் எவர் கையிலும் இல்லை. கொன்வே 2020 ஏப்ரிலில் கொவிட் தொற்றினால் காலமானபோதும் அக்கேள்வி திறந்தே கிடந்தது.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது, ஈர்ப்பின் காரணம் ஓரளவு தெளிவாகிறது. தாளின் முன் இருவரும் சமம். வீட்டில் என்ன இருக்கிறது, தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்பது அங்கே செல்லாது. எல்லாம் இருவர் கண்முன்னும் வெளிச்சமாக நடக்கிறது. இடைவேளை மணி அடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. தோற்றவர் அதிர்ஷ்டத்தைப் பழிக்க முடியாது. ஆனால் தாளைத் திருப்பிப் பார்த்துத் தாம் எங்கே பிழைத்தார் என்று கண்டுகொள்ள முடியும். தன் தோல்வியைத் தானே வாசித்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு எமது பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கிறது? பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் அடுத்தவர் இட்ட புள்ளடியைத்தான் அவர்கள் காண்கிறார்கள்.

இன்று இவ்வாட்டங்கள் யாவும் கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றன. விரலால் தொட்டால் வட்டம் விழுகிறது. எதிரே ஆடுவது பெரும்பாலும் இயந்திரம். ஆட்டம் முடிந்ததும் திரை துடைத்தெடுத்தாற்போல் வெறுமையாகி அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கிறது. எதிரே ஒரு முகம் இருந்ததும், முடிந்தபின் ஒரு தடம் எஞ்சியதும் ஆகிய இரண்டையுமே அங்கு இழந்துவிடுகிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்கென வினாத்தாள்களில் மூழ்கடிக்கப்படும் பிள்ளைக்கு, பக்கத்திலிருப்பவன் போட்டியாளன் என்றே பழக்கப்படுத்துகிறோம். கடைசிப் பக்கத்தில் அவனும் போட்டியாளன்தான். ஆனால் அவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பதையும் அப்பக்கம் கற்றுக்கொடுக்கிறது.

காகிதமும் எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று எண்ண முடியாது. 2022 மார்ச்சில் வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. கொப்பியின் விலை வெகுவாக உயர்ந்து, பிள்ளைகள் பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைச் சேர்த்துத் தைத்துப் பாவித்த நாட்கள் அவை. அத்தகைய நாட்களில் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவது இரட்டை நட்டமாகும்.

கடைசிப் பக்கத்துக்கு வகுப்பறையில் ஓரிடம் கொடுப்பது கடினமான காரியமன்று. பெட்டி ஆட்டத்தில் தோற்ற ஒரு சோடியை அழைத்து, எந்தக் கோட்டில் ஆட்டம் திரும்பியது என்று வகுப்புக்கு விளக்கச் சொல்லலாம். இரண்டு புள்ளிகளுடன் முளைகள் ஆட்டத்தை எல்லோரையும் ஆடவைத்து, எவரது ஆட்டமாவது ஐந்து கோடுகளைத் தாண்டியதா என்று கேட்கலாம். ஏன் தாண்டவில்லை என்று அவர்களே தேடத் தொடங்கினால் அதன் பெயர் கணிதம். தவணை இறுதியில், பரீட்சை முடிந்து பாடவேளைகள் வெறுமனே கழியும் அந்த வாரத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். இருவருக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.